பழவேற்காட்டில் வருடம் முழுக்க வானிலை எப்படி இருக்கும்? வேலைக்காக ஓராண்டு தங்கப் போகிறோம்

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மே மாதப் பகலில் 37, 38 டிகிரி, ஜனவரி விடியற்காலையில் 20 சொச்சம். ஆனால் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிறது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைக் காற்றின் திசைதான் முடிவு செய்யும். செல்போனில் வெயில் அளவைப் பார்ப்பதைவிட காற்றுக்கான அம்புக்குறியைப் பார்க்கப் பழகுங்கள்.

கோடையில் காலை நேரம் மேற்கே நிலத்திலிருந்து கச்சான் என்னும் மேல்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று புகுந்துவிட்டால் வெயில் 36, 37-ஐத் தாண்டாது. கச்சான் பலமாக இருந்தால் கடல்காற்று பிற்பகல் வரை உள்ளே நுழைய முடியாமல் வெளியே நிற்கும். 40-ஐத் தாண்டும் நாட்கள் அவைதான். கடல்காற்று வந்ததும் சூடு இறங்கும், புழுக்கம் ஏறும். ராத்திரியில் காற்று விழுந்துபோனால் ஏரிக்கரை வீட்டிலும் வேர்த்துக் கொட்டும்.

இதே பருவத்தில் ஏரியும் மாறும். ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஏரியில் வந்து கலக்கும் ஆரணியாற்றில் தண்ணீர் வராது, தெற்கிலிருந்து வரும் அலை மணலை அள்ளிவந்து முகத்துவாரத்தில் போடும். வாய் அடைந்துவிட்டால் ஏரி நீர் ஆவியாகி, கடலைவிட (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) அதிகமாகக் கரிக்கும். கரை பின்வாங்கிச் சேறு தெரியும், பாசி நாற்றம் அடிக்கும். படகு தரைதட்டும். கரையோரமாக வீடு பார்ப்பவர்கள் இந்த நாற்றத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை!

ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையிலும் இரவிலும் மேற்கிலிருந்து இடிமழை வரும். மழையைவிட மின்னல்தான் ஆபத்து. திறந்த ஏரியில் படகில் நிற்கும் ஆள்தான் உயரமான பொருள். மேற்கே கருத்தவுடன் கரையேறுங்கள். இடி காதில் விழுந்துவிட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. கொண்டலும் (கீழ்க்காற்று) வாடையும் (வடகாற்று) வீசும் பருவம் இது. இங்கே வெள்ளம் வருவது மழையால் மட்டும் அல்ல. ஆரணியாறு பெருகி வரும்போது, அமாவாசை அல்லது பௌர்ணமிக் கடல் ஏற்றமும் கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும் காற்றும் சேர்ந்தால், ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாக வடியாது. ஊரில் தூறல்கூட இல்லாத நாளிலும் தாழ்வான தெருவில் தண்ணீர் ஏறும். அதனால் மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்: ஆந்திராவில் ஆரணியாற்றின் மேல் உள்ள பிச்சாட்டூர் அணை திறப்புச் செய்தி, காலண்டரில் திதி, காற்றுத் திசை.

புயல் வேறு ஊரில் கரையேறுகிறது என்று அசட்டையாக இருக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது பாபட்லா அருகே. அதற்கு முன் மழை கொட்டித் தீர்த்தது சென்னை, திருவள்ளூர்ப் பக்கம். பருவம் தொடங்குமுன் பவர் பேங்க், டார்ச், மூன்று நாளுக்கான குடிநீர் தயாராக இருக்கட்டும்.

ஜனவரி, பிப்ரவரிதான் சுகம். விடியலில் லேசான மூடுபனி, பகலில் 30 டிகிரி, அண்ணாமலைச்சேரிப் பக்கம் பூநாரைகள். வெளியூர்க்காரர்கள் இந்த மாதத்தில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மே மாதத்திலும் நவம்பரிலும் ஊர் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். சுவரில் பழைய தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உப்புக்காற்றில் இரும்பு கேட், சைக்கிள் செயின், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஏசி இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒருமுறை வெளிப்பெட்டியின் கம்பிவலையை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வீண்.