மென்காற்றில் விண்ட்ஃபாயிலிங் செய்ய எந்த அளவு பாய், எந்த அளவு ஃபாயில்?

பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றின் விசையில் நீர்மேல் ஓடுவது விண்ட்சர்ஃபிங்; அதில் ஃபாயில் மாட்டினால் விண்ட்ஃபாயிலிங். பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் ஓடும் சிறகுதான் ஃபாயில். வேகம் கூடினால் பலகையையே நீருக்கு மேலே தூக்கிவிடும். மென்காற்றில் முதலில் பெரிதாக்க வேண்டியது இதைத்தான், பாயை அல்ல. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்வாசியாகிவிடும். அந்தக் குறையைச் சிறகின் பரப்புதான் ஈடுகட்ட வேண்டும்.

எங்கள் தருமபுரிப் பக்கம் தொப்பூர் கணவாயில் சுமை லாரி ஃபர்ஸ்ட் கியரில் உறுமிக்கொண்டே ஏறிவிடும்; வேகம் மட்டும் கேட்கக் கூடாது. பெரிய ஃபாயிலும் அப்படித்தான்.

சராசரி எடைக்காரருக்கு 1500 முதல் 2000 சதுர சென்டிமீட்டர் முன்சிறகும் (ஃபாயிலின் முன்பக்கப் பெரிய சிறகு) 6, 7 சதுர மீட்டர் பாயும் போதும். (2024 ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 8 சதுர மீட்டர் பாய். அது பந்தயக் கணக்கு, நமக்கெதற்கு?)

'காற்று குறைவா, இன்னும் பெரிய பாய் மாட்டு' என்பது பழைய விண்ட்சர்ஃபிங் பழக்கம். பலகை எழும்பியதும் நீரின் இழுவை குறைந்துவிடுவதால் கனத்த பாய் கையைத்தான் நோகடிக்கும்.