தரவுத் திட்டத்தைக் கண்காணிக்க வெளியாட்கள்: யாரை எடுப்பது, எப்படி எடுப்பது?

கேள்வி: பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பொது மாணவர் தரவு அமைப்பை உருவாக்கி வருகிறோம். சேர்க்கை, பாடப்பிரிவு, தேர்ச்சி, இடைநிற்றல் எல்லாம் இதுவரை தனித்தனிப் படிவங்களில் போய்க்கொண்டிருந்தன. இனி ஒரே இடத்துக்கு வரும். திட்டத்தின் செயலர் பொறுப்பில் நான் இருக்கிறேன். வழிகாட்டுக் குழுவில் இரண்டு சுதந்திர ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்று நிதி தரும் அமைப்பு நிபந்தனை போட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவரையும், பழைய தரவுமுறையை வடிவமைத்த பேராசிரியரையும் அழைத்துவிடலாம் என்கிறார் எங்கள் திட்ட இயக்குநர். விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பது அவசியமா? என்ன ஊதியம், என்ன அதிகாரம் கொடுப்பது?

பதில்: விளம்பரம் அவசியம். ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, வரப்போகிறவர் யாரிடம் பேசலாம், எதைப் பார்க்கலாம், எதை வெளியே சொல்லலாம், அவரை யார் நீக்கலாம் என்ற நான்கையும் எழுத்தில் வைப்பது. சுதந்திரமான ஆலோசகர் என்றதும் நேர்மையான, பெயர்பெற்ற மனிதரைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருக்கு வரும் தாள்களைத் திட்ட இயக்குநரே பொறுக்கி அனுப்பி, அவர் எழுதும் கருத்தும் இயக்குநரின் மேசையிலேயே நின்றுவிட்டால் அவரால் எதையும் கண்காணிக்க முடியாது. சுதந்திரம் ஆளிடம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அவருடைய பணி ஆணையில் இருக்கிறது.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இங்கிலாந்தில் 2020-ல் நடந்தது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்தாகி, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மதிப்பெண் தரங்களை ஒரு கணக்கீட்டு முறையால் தீர்மானிக்க அங்குள்ள தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்க்வால் முடிவு செய்தது. அதன் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவுக்குத் தன் உறுப்பினர்கள் இருவரை அனுப்ப ராயல் புள்ளியியல் சங்கம் முன்வந்தது. குழுவில் சேர ஐந்தாண்டு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. பின்னால் பொதுவெளியில் கருத்துச் சொல்ல அது தடையாகும் என்று சங்கம் அதை ஏற்கவில்லை. அந்த இருவரும் குழுவில் சேரவில்லை. ஆகஸ்ட் 13 அன்று முடிவுகள் வந்தபோது, ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில் அந்த முறை கைவிடப்பட்டது. அந்த இருவர் உள்ளே இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கக்கூடிய இருவரை வாசலிலேயே நிறுத்தியது ஒரு ஒப்பந்தத்தின் வாசகம். அதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் ரகசியம் என்பது மூன்று விஷயங்களோடு நிற்கட்டும்: மாணவர்களின் தனிப்பட்ட விவரங்கள், மென்பொருள் நிறுவனம் கொடுத்த விலை விவரங்கள், தரவு அமைப்பின் பாதுகாப்பில் இருக்கும் ஓட்டைகள். ஆலோசகரின் கருத்து ரகசியம் அல்ல என்று தனி வரியாகவே எழுதிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் தங்கள் மதிப்பீட்டைச் சுருக்கமாக வெளியிடுவார்கள், வெளியிடுமுன் திட்ட அலுவலகம் தகவல் பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டலாம், கருத்தை மாற்றச் சொல்ல முடியாது என்பதையும் சேருங்கள்.

அடுத்து, அறிக்கை போகும் பாதை. ஆலோசகர்கள் வழிகாட்டுக் குழுவின் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டும். திட்ட இயக்குநருக்கு அல்ல. தேவைப்பட்டால் நிதி தரும் அமைப்புக்கு நேரடியாகக் கடிதம் எழுதும் உரிமையும் வேண்டும். பெரும்பாலும் அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலையே வராது. ஆனால் அது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தாலே கூட்டங்களில் பேச்சு நேராகிவிடும். நீக்குவதென்றால் தலைவரும் நிதி அமைப்பும் சேர்ந்து, காரணத்தை எழுத்தில் கொடுத்துத்தான் நீக்க முடியும் என்று இருக்கட்டும்.

இனி ஆட்கள். உங்கள் இயக்குநர் சொன்ன இருவரில் பேராசிரியரை இந்த இடத்துக்கு எடுக்காதீர்கள். பழைய முறையின் ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு திட்டத்துக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் புதிய அமைப்பில் எதை விட்டுவிடலாம், எதைத் தக்கவைக்கலாம் என்ற கேள்வி வரும்போது, அவர் தன் சொந்த வேலையையே எடைபோட வேண்டியிருக்கும். அவரைத் தொழில்நுட்பப் பணிக்குழுவுக்கு அழையுங்கள், அங்கே அவர் மனம்விட்டுப் பேசலாம். துணைவேந்தர் விஷயம் வேறு. அவர் விண்ணப்பிக்கட்டும், மற்றவர்களோடு சேர்ந்து நேர்காணலுக்கு வரட்டும். பதவியின் கனத்துக்காக மட்டும் அழைத்தால், ஒரு உறுப்புப் பல்கலைக்கழகத்தின் தரவு அலுவலர் அவர் முன்னால் 'இது வேலை செய்யவில்லை' என்று சொல்லத் தயங்குவார். உங்களுக்கு முதலில் வந்து சேர வேண்டிய செய்தியே அதுதான்.

என் அனுபவத்தில் உயர்கல்வித் தரவுத் திட்டங்கள் பெரும்பாலும் மென்பொருளால் சறுக்குவதில்லை. வரையறைகளில் சறுக்குகின்றன. பாதியில் பாடப்பிரிவு மாறியவர் இடைநின்றவரா? ஓராண்டு விடுப்பில் இருப்பவர் மாணவரா? இரண்டு கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் படிப்பில் மாணவர் எந்தக் கல்லூரியின் கணக்கில் எண்ணப்படுவார்? இவற்றை மையத்தில் ஒரு வரியில் முடிவு செய்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சேர்க்கைப் பதிவேட்டையே மாற்ற வேண்டிவரும். அதோடு நாட்காட்டி வேறு இருக்கிறது. முழு ஆண்டுச் சுழற்சியை உண்மையான தரவோடு சோதிக்க வருடத்துக்கு ஒரே வாய்ப்புதான். அதைத் தவறவிட்டால் அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் டேட்டா ஃபியூச்சர்ஸ் என்ற பெயரில் மாணவர் தரவுச் சேகரிப்பை அடியோடு மாற்றியமைத்த திட்டத்தைப் பாருங்கள். பலமுறை தள்ளிப்போய், கடைசியில் 2022-23 கல்வியாண்டுத் தரவுதான் புதிய முறையில் முழுமையாகச் சேகரிக்கப்பட்டது. அந்தப் புள்ளிவிவரங்களும் வழக்கத்தைவிடப் பல மாதங்கள் தாமதமாக 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தன. அனுபவமுள்ள அமைப்புகள் கையில் எடுத்த திட்டத்துக்கே இந்த நிலை.

ஆகவே உங்களுக்கு வேண்டியவர்களில் ஒருவர், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவேட்டுப் பிரிவில் உட்கார்ந்து, கெடு தேதிக்கு முந்தைய நாள் பிழைப் பட்டியலோடு மல்லாடியவராக இருக்க வேண்டும். பெயர்பெற்றவர் அல்ல என்பதால் இப்படிப்பட்டவர் யாருக்கும் நினைவுக்கு வர மாட்டார். எனக்கு இரண்டு இடங்களில் ஒன்றை நிரப்பும் உரிமை மட்டும் இருந்தால் இவரைத்தான் எடுப்பேன். இன்னொருவர் பெரிய கணினித் திட்டங்களை நடத்தி முடித்தவர், முடிந்தால் ஒன்றையாவது பாதியில் நிறுத்தச் சொல்லும் துணிவு காட்டியவர். நிதி அமைப்பு சம்மதித்தால் மூன்றாவதாகத் தனியுரிமையும் புள்ளியியலும் தெரிந்த ஒருவர். புதிதாக ஒரு விவரத்தை மாணவரிடம் கேட்கலாம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம், 'எந்தக் கேள்விக்கு விடை தேட இது தேவை?' என்று கேட்பது இவர் வேலை. மாணவரின் குடும்ப வருமானம், உடல்குறைபாடு போன்ற விவரங்கள் ஒருமுறை சேகரித்துவிட்டால் போகும் இடமெல்லாம் போகும். பாதிக்கப்படுகிற மாணவர் அந்த அறையில் இருக்க மாட்டார் என்பதால், அவருக்காகப் பேச ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஒரே ஒருவரை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். தனியாக இருப்பவரின் ஆட்சேபம் அவருடைய குணமாகப் பார்க்கப்படும்; இருவர் சொன்னால்தான் அது பிரச்சினையாகப் பார்க்கப்படும்.

விளம்பரத்தில் திட்டத்தின் பெருமையைக் குறைத்து, இப்போதிருக்கும் சிக்கலை எழுதுங்கள். நல்லவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். புள்ளியியல் சங்கங்கள், தணிக்கைத் துறையில் ஓய்வுபெற்றவர்கள், பதிவாளர் அலுவலகங்களின் தொழில்முறை வட்டங்கள் எல்லாம் அனுப்பத் தகுந்த இடங்கள். விண்ணப்பத்தோடு நலன் முரண் அறிவிப்பும் வாங்குங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் மென்பொருள் நிறுவனத்திடமோ துணை ஒப்பந்ததாரரிடமோ பணம் வாங்கியிருக்கிறாரா, உறுப்புப் பல்கலைக்கழகங்களில் பதவி, நெருங்கிய உறவு உண்டா என்று. உண்டு என்று சொல்வதே தகுதியிழப்பு ஆகாது. மறைத்தால்தான் ஆகும். பணியில் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இதைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

தேர்வுக் குழுவில் இயக்குநர் இருக்கலாம், ஆனால் அவர் கை ஓங்கக் கூடாது. திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நேர்காணலில் 'உங்கள் பலம் என்ன?' என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நான்கு பக்க முன்னேற்ற அறிக்கை ஒன்றைக் கொடுங்கள். எல்லா வரியும் 'சரியாகப் போகிறது' என்று காட்டும் பச்சை நிறத்தில் இருக்கட்டும், ஆனால் முன்னோட்டச் சோதனையில் சேர வேண்டிய பல்கலைக்கழகங்களில் பாதி இன்னும் தரவே அனுப்பவில்லை என்பது மூன்றாம் பக்கத்து அட்டவணையில் கிடக்கட்டும். அரை மணி நேரம் கழித்து, இதைப் படித்தபின் யாரிடம் என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். அட்டவணையைக் கண்டுபிடிப்பவர் நல்லவர். 'அந்தப் பல்கலைக்கழகங்களிடம் நானே பேசலாமா?' என்று கேட்பவர் அதைவிட நல்லவர்.

ஊதியம்: நாள் கணக்கில் மதிப்பூதியம் கொடுங்கள், இலவசச் சேவையாக வைக்காதீர்கள். பணம் வாங்காதவரிடம் நூறு பக்கத்தைப் படித்துவிட்டு வாருங்கள் என்று கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும். படிக்கும் நாளும் கணக்கில் வர வேண்டும்; மாதம் இரண்டு நாள் என்று தொடங்கலாம். தொகை நிதி அமைப்பிடமிருந்து நேராகப் போவது நல்லது. இரண்டாண்டுப் பதவிக்காலம், ஒருமுறை நீட்டிப்பு, இருவரும் ஒரே நாளில் விலகாதபடி தேதிகள். அவ்வளவுதான்.

அதிகாரம் பற்றிக் கேட்டீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டாம். வாக்குரிமையும் வேண்டாம் என்பது என் கருத்து. வாக்களித்தவர் பிறகு அந்த முடிவைக் காப்பாற்றப் பார்ப்பார். அதேபோல, 'நீங்களே ஒரு தீர்வு எழுதிக் கொடுங்கள்' என்று அவர்களிடம் வேலையைத் தள்ளிவிடாதீர்கள். கேட்ட ஆவணம் குறிப்பிட்ட நாளுக்குள் கைக்கு வரும் உரிமை, மென்பொருள் நிறுவனத்தோடும் பல்கலைக்கழகத் தரவு அலுவலர்களோடும் இயக்குநர் உடன் இல்லாமல் பேசும் உரிமை, எழுப்பிய கேள்விக்கு எழுத்தில் பதில் பெறும் உரிமை ஆகிய மூன்றும் போதும். கூட்டக் குறிப்பில் 'ஆலோசகரின் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது' என்ற வாக்கியம் வரத் தொடங்கினால் செயலராக நீங்கள் விழித்துக்கொள்ளுங்கள். யார் பதில் தருவார், எந்தத் தேதிக்குள் என்று எழுதாத வரை அந்தக் கேள்வி முடியவில்லை.

இவ்வளவுக்கும் மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அதுவரை குழுக் கூட்டங்கள் நடக்கட்டும், ஆனால் மென்பொருள் ஒப்பந்தத்தை நீட்டிப்பது, புதிய விவரங்களைச் சேர்ப்பது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள். நிதி அமைப்புக்கு நேரடியாக எழுதும் உரிமையை மட்டும் எடுத்துவிடலாம் என்று இயக்குநர் கேட்கக்கூடும். சம்மதிக்காதீர்கள். அந்த வரி முடிவாகும்வரை விளம்பரத்தையே வெளியிடாமல் வைத்து, தாமதத்துக்கான காரணத்தை நிதி அமைப்புக்குக் கடிதமாக எழுதிவிடுங்கள். நிபந்தனை போட்டவர்களே அதற்கு விடை சொல்லட்டும்.