இவ்வளவு படித்த பைலட் எப்படி வேறு ரன்வேயில் போவார்?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பெருங்குடியில். மாடியில் துணி காயப்போடும்போதே தலைக்கு மேலே விமானம் போகும். என் மகன் அடுத்த மாதம் முதல் தடவையாக வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறான். இந்த நேரம் பார்த்து, அமெரிக்காவில் ஒரு பைலட் வேறு ரன்வேயில் விமானத்தை ஓட்டி 49 பேர் இறந்துபோனார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு படித்தவருக்கு எந்த ரன்வே என்றுகூடவா தெரியாது? நம்ம மதுரையிலும் இப்படி நடக்குமா? (ஒரு தாய், பெருங்குடி)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். மதுரையில் ரன்வே ஒன்றே ஒன்றுதான், அதனால் ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் கிளம்புகிற குழப்பத்துக்கு இங்கே வழியில்லை. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் வெள்ளையில் பெரிதாக எழுதியிருப்பார்கள். 09 என்றால் கம்பாஸில் 90 டிகிரி, கிழக்கு பார்த்து ஓடுவது. 27 என்றால் 270, மேற்கு. கீழமாசி வீதி, மேலமாசி வீதி என்று நாம் வைத்திருக்கிற மாதிரி ரன்வேக்கும் திசையை வைத்துத்தான் பேர்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் விமான நிலையம். காலை ஆறு மணி தாண்டிச் சில நிமிடம், இன்னும் இருட்டு விலகவில்லை. அட்லாண்டா போகவேண்டிய சின்ன ஜெட், உள்ளே 50 பேர். அவர்களுக்குக் கொடுத்த ரன்வே 22, அது ஏழாயிரம் அடி நீளம். அங்கே போகிற வழியில் 26 என்ற இன்னொரு ரன்வேயின் முனை வரும், அதைக் குறுக்கே தாண்டித்தான் போகணும். அது வெறும் 3,500 அடி, பகலில் சின்ன விமானங்களுக்கு மட்டும், அதில் விளக்கு எரிவதில்லை. விமானம் அதிலேயே திரும்பி வேகமெடுத்து, பாதை முடிந்தும் மேலே எழும்ப முடியாமல் வேலியிலும் மரங்களிலும் மோதி எரிந்துபோனது. துணை விமானி ஒருவர்தான் உயிரோடு மிஞ்சினார்.

என் மனசை அறுப்பது என்னவென்றால், ஓடத் தொடங்கிய பிறகு துணை விமானியே, விளக்கு இல்லாமல் என்னவோ மாதிரி இருக்கிறதே என்று சொல்கிறார், கேப்டனும் ஆமாம் என்கிறார், விமானம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண் பார்த்துவிட்டது அம்மா. மனசு அதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு அந்த ஊருக்கு வந்தபோது அங்கே பல விளக்குகள் எரியாமல் கிடந்ததைத் துணை விமானி பார்த்திருக்கிறார், அதைக் கேப்டனிடமும் சொல்லியிருக்கிறார், ஆக இருட்டு அவர்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

இது எனக்கும் நடந்திருக்கிறது. ஒருநாள் விடியுமுன்னே கரண்ட் இல்லாத நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நடந்து, மேல ஆவணி மூல வீதியில் திரும்பவேண்டியவன் ஒரு முக்கு முன்னாலேயே மேலமாசி வீதியில் திரும்பிவிட்டேன். வழக்கமாக டீ குடிக்கிற கடை அங்கே இல்லை. இன்னும் திறக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேனே தவிர, தப்பான வீதி என்று தோன்றவே இல்லை. எனக்கு நஷ்டம் பத்து நிமிடம். அங்கே 49 உயிர்.

ரன்வேக்குப் போகும்போது சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று விதி இருந்தும் வேலை விஷயம் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரம் முன்புதான் கட்டுமான வேலைக்காக அங்கே வழியை மாற்றியிருந்தார்கள். விமானங்களுக்கு வழிசொல்லி அனுமதி கொடுக்கிற கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தது ஒரே ஆள், அவரும் ராத்திரி வேலைக்கு முன்னால் இரண்டு மணி நேரம்தான் தூங்கியவர், அனுமதி கொடுத்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார், ஜன்னல் வழியாக ஒருமுறை பார்க்கவில்லை. ஆனாலும் விசாரணையில் முதல் காரணம் என்று வைத்தது விமானிகள் தாங்கள் நிற்கிற இடத்தைச் சரிபார்க்காததைத்தான், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. 22 என்றால் 220 டிகிரி, 26 என்றால் 260. கண் முன்னால் இருந்த திசைகாட்டியில் நாற்பது டிகிரி வித்தியாசம் தெரிந்திருக்கும், ஒரு நொடி அதைப் பார்த்திருந்தால் போதும்.

உங்கள் மகன் சென்னை வழியாகப் போனால், அங்கே இரண்டு ரன்வே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பான். பயப்பட வேண்டாம். ரன்வேயில் ஏறியதும் அங்கே எழுதியிருக்கிற எண், திசைகாட்டி, கோபுரம் சொன்னது, மூன்றும் ஒன்றா என்று இரண்டு விமானிகளும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது இன்று பல நிறுவனங்களில் பழக்கம். எந்த ரன்வேயில் நிற்கிறோம் என்று குரல் கொடுக்கிற கருவியும் பல விமானங்களில் இருக்கிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்வான் தாயி.

கேள்வி: இப்படித் தப்புச் செய்கிற பைலட்டுகளைக் கடுமையாகத் தண்டித்தால் அடுத்தவனுக்குப் பயம் வருமே? (கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: பயம் எதற்குத் தம்பி வரணும்? தான் நிற்பது சரியான இடம் என்று நம்புகிறவனுக்குத் தண்டனை ஞாபகத்துக்கே வராது. 2000 அக்டோபர் 31, தைவானின் தைபேயில் புயல் மழை, ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் 05 இடது, 05 வலது என்று இரண்டு ரன்வே, ஒரு ஜம்போ ஜெட் இடதுக்குப் பதிலாக, பழுதுபார்க்க மூடியிருந்த வலதில் கிளம்பி அங்கே நின்ற இயந்திரங்களில் மோதியது. 179 பேரில் 83 பேர் போய்விட்டார்கள். மூடிய பாதையின் வாசலில் ஒரு தடுப்புக்கூட இல்லை. லெக்சிங்டனில் பிழைத்த துணை விமானி ஒரு காலை இழந்தார், அதற்கு மேல் அவருக்கு எந்தக் கோர்ட்டு என்ன தண்டனை கொடுக்கப்போகிறது? அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள்: வழியில் குறுக்கிடுகிற ரன்வே எல்லாவற்றையும் விமானம் தாண்டிய பிறகுதான் கோபுரத்திலிருந்து கிளம்ப அனுமதி.