வழியில் கை கொடுப்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திண்டிவனம் அருகே என் தம்பி பைக்கிலிருந்து விழுந்து கிடந்தபோது, பால் வண்டி ஓட்டி வந்த ஒருவர் ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்திருக்கிறார். பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். நாளை நானும் இப்படி யாருக்காவது உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: வேண்டாம். உதவ வருபவர்களைக் காப்பதற்கான நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-லேயே சட்ட வலு கொடுத்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில், கிரிமினல் வழக்கு எதுவும் போட முடியாது. பெயர், முகவரி கேட்டு போலீசார் வற்புறுத்தக் கூடாது. நீங்களாக விரும்பிச் சாட்சி சொன்னால் மட்டுமே விசாரணை. அதுவும் ஒரே முறை, உங்களுக்குத் தோதான இடத்தில். ஆஸ்பத்திரியில் 'நீங்கள்தானே கூட்டிவந்தீர்கள், பணம் கட்டுங்கள்' என்றால் மறுத்துவிடலாம். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது.

கேள்வி: ஆம்புலன்ஸ் வருவதற்குள் என்ன செய்யலாம்?
- வாசகர், துறையூர்

பதில்: முதலில் உங்கள் வண்டியை ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஒருவரைத் தள்ளி நிறுத்துங்கள். இதை விட்டுவிட்டுக் கூட்டமாக ரோட்டில் நிற்கும்போதுதான் அடுத்த லாரி வந்து மோதுகிறது.

108-க்குப் பேசும்போது 'பைபாஸ்ல, தாபா பக்கத்துல' என்றால் போதாது. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் பக்கம் மாறி வந்துவிட்டால், ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்ப முடியும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துண்டையோ துப்பட்டாவையோ மடித்து, காயத்தின்மேல் உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பிய்த்துக்கொள்ளும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். உடம்பில் கம்பி, கண்ணாடி குத்தியிருந்தால் பிடுங்க வேண்டாம்.

சோடா, தண்ணீர் எதுவும் குடிக்கத் தராதீர்கள். நம் ஊரில் பாசத்தோடு செய்யும் பெரிய தவறு இது. நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தாலும் சிக்கல். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு திருப்பலில் கைகால் செயலிழந்துபோகலாம். தீப்பிடிக்கும் அபாயம் இருந்தால் மட்டும் நகர்த்துங்கள்.

அடிபட்டவர் போனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துப் பேசுங்கள். 'விபத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்கிறோம்' என்பது போதும். 'ரொம்ப சீரியஸ்' என்று உங்கள் கணிப்பைச் சேர்க்காதீர்கள். அவர்களும் பதறி வண்டி ஓட்டிக்கொண்டு வருவார்கள். பர்ஸ், நகையை நாலு பேர் முன்னிலையில் ஆம்புலன்ஸ் ஊழியரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: உதவியவருக்கு அரசு பணம் தருகிறதாமே?
- வாசகர், கரூர்

பதில்: ஆம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவருக்கு மத்திய அரசு 2021 முதல் 5,000 ரூபாய் தந்தது. 2025-ல் அது 25,000 ஆனது. அதைப் பெற மட்டும் உங்கள் பெயர், விவரத்தைத் தர வேண்டியிருக்கும்.