மாமியாருக்குத் தெரியாமல் ஒரு ஆபரேஷன்

கேள்வி: என் மனைவிக்கு வயது 36. உயரம் 158 செ.மீ., எடை 118 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறாள். தூக்கத்தில் பலத்த குறட்டை. டயட், வாக்கிங், ஜிம் எல்லாம் பார்த்தாயிற்று. குறைந்த எடை திரும்பவும் ஏறிவிடுகிறது. அடுத்த மாதம் எடை குறைப்புக்காக இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். வங்கியில் வேலை பார்க்கிறாள். எத்தனை நாள் லீவு போட வேண்டும்? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும் என்கிறார்களே, உண்மையா? சாப்பாட்டுக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்? சமையல் எல்லாம் என் அம்மாதான். அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று, பித்தப்பையில் கல், அதற்கான ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஒரே பெண்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொளத்தூர், சென்னை

பதில்: லீவு, முடி, சாப்பாடு என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சமையல் அம்மா என்றும், அம்மாவிடம் பித்தப்பைக் கல் என்று சொல்லியிருப்பதாகவும். முதலில் அதைப் பேச வேண்டும். உங்கள் மனைவிக்கு இப்போது இருக்கும் பெரிய ஆபத்து அந்தப் பொய்தான்.

இந்தப் பொய்யைப் பல வீடுகளில் சொல்கிறார்கள். இரண்டு ஆபரேஷனுக்கும் வயிற்றில் நாலைந்து சின்னத் துளைதான் போடுவார்கள், தழும்பைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது என்கிற தைரியம். ஆனால் பித்தப்பையை எடுத்தவர் ஒரு வாரத்தில் வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஸ்லீவில் இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தக் குழாய்க்குள் என்ன போகிறது, எவ்வளவு போகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடம் உங்கள் வீட்டு அடுப்படி. அங்கே நிற்பவரிடம் உண்மையை மறைத்துவிட்டு, என்ன தயார் செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

சிக்கல் ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பிக்கும். பெரும்பாலான டாக்டர்கள் அதற்கு முன் இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரிக்குள், மாவுச்சத்து குறைந்த உணவு கொடுப்பார்கள். புரோட்டீன் பவுடர், நீர்மோர், காய்கறி சூப் என்று போகும். சோறு, இட்லி, சர்க்கரை, நெய் கிடையாது. அது எடை குறைப்பதற்காக மட்டும் அல்ல. இந்த எடையில் கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கும். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் போர்த்தினாற்போல் கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வேலை செய்ய முடியும். வீங்கிய கல்லீரலைத் தூக்கினால் கிழிந்து ரத்தம் கசியும். இரண்டு வாரப் பத்தியத்தில் அது சுருங்கிவிடும். ‘ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண், தெம்பு வேண்டாமா’ என்று உங்கள் அம்மா நெய் விட்டுப் பொங்கல் கிண்டிக் கொடுத்தால் அது அன்புதான். அவருக்கு வேறு என்ன தெரியும்? நீங்கள்தான் சொல்லவில்லையே.

இன்னொன்று. அந்த இரண்டு வாரத்தில் கிளிமிபிரைடைப் பழைய அளவிலேயே சாப்பிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். பத்தியம் ஆரம்பிக்கும் நாளுக்கு முன்பே சர்க்கரை டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றி வாங்குங்கள். பலத்த குறட்டை என்கிறீர்கள். தூக்கப் பரிசோதனை செய்யாமல் மயக்க மருந்துக்குச் சம்மதிக்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று தெரிந்து, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் கொடுத்தால், அதை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போக வேண்டும்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு. முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசம், நீர்மோர், இளநீர், ஆடை நீக்கிய பாலில் கலந்த புரோட்டீன் பவுடர். ஒரு தடவைக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேஜைக்கரண்டி. கால் மணிக்கு ஒரு முறை, உறிஞ்சாமல், மெல்ல. நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்றால் விழித்திருக்கும் நேரம் முழுக்க இதே வேலைதான். மூன்றாம், நான்காம் வாரம் மிக்ஸியில் அரைத்தது. ஐந்தாம் வாரத்திலிருந்து மசித்தது, குழைந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் சாதாரணச் சாப்பாடு. அதுவும் ஒரு சின்னக் கிண்ணம், இருபது முதல் முப்பது நிமிஷம் மென்று. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஓரிரு நாள் முன்பின் இருக்கும். உங்கள் டயட்டீஷியன் தரும் அட்டவணைதான் உங்களுக்குக் கணக்கு.

இப்போது உங்கள் சாப்பாட்டு மேஜையை நினைத்துப் பாருங்கள். அம்மா ஆசையாகக் குழையப் பிசைந்து வைத்த தயிர்சாதத்தில் மருமகள் இரண்டு கரண்டி எடுத்துவிட்டுத் தட்டை நகர்த்துகிறார். ‘கல்லு எடுத்து ஒரு மாசம் ஆச்சு, இன்னும் என்ன?’ என்று இன்னொரு கரண்டி வைக்கிறார் அம்மா. மறுக்க முடியாமல் மனைவி விழுங்குகிறார். அந்த ஒரு கரண்டி நெஞ்சில் கல்லாய் நிற்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுப்பார். வாரம் நாலு தடவை இது நடந்தால், தன் சமையல் பிடிக்கவில்லை, தன்னை அவமானப்படுத்துகிறாள் என்றுதான் எந்த மாமியாரும் நினைப்பார். அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்றீர்களே, அதற்கு நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு இது.

வாந்தி என்றதும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். பி1 என்கிற தயமின் சத்து உடம்பில் சில வார இருப்புதான். சாப்பாடும் இறங்காமல் வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துவிடும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் ‘பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்க, சோர்ந்து கிடக்காங்க’ என்று சொன்னால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் செலவாகி மூளையைப் பாதிக்கும். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறிகள். சில பேருக்கு ஞாபகம் முழுதாகத் திரும்புவதே இல்லை. எடை குறைப்பு ஆபரேஷன் என்று முதலிலேயே சொன்னால், டாக்டர் முதலில் பி1 போடுவார். பகலில் நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். மருமகளை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போகப்போவது உங்கள் அம்மா. அவர் சொல்லும் ஆபரேஷன் பெயர் சரியாக இருக்க வேண்டாமா?

தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்படுவதும் அப்படித்தான். அபூர்வமாகத்தான் வரும். வந்தால் உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும், முதல் சில வாரங்களுக்குள் வரலாம். நாடி நிமிஷத்துக்கு 120-க்கு மேல் ஓடிக்கொண்டே இருப்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே உடனே போக வேண்டும். முதல் இரண்டு நாள் தோள்வலி பலருக்கும் இருக்கும். வயிற்றுக்குள் ஊதிய வாயுவால் வருவது, நடந்தால் குறையும். நாடி ஓடுவதும் சேர்ந்து வருகிற வலிதான் வேறு. மருந்துக் கடையில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், நாடியையும் அது காட்டும். விஷயம் தெரியாத அம்மா வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார். தன் மூட்டுவலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையில் ஒன்றைக் கூடக் கொடுப்பார். அந்த வகை வலி மாத்திரைகள், ஐபுபுரூஃபன் உள்பட, இனி உங்கள் மனைவிக்கு ஆகாது, இரைப்பையைப் புண்ணாக்கும். பாராசிட்டமால் போதும்.

சரி, எத்தனை மாதம் மறைப்பீர்கள்? ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் மொத்த எடையில் கால்வாசியோ அதற்குச் சற்று மேலோ குறைவது வழக்கம். 118 கிலோவில் 30 கிலோ போனால் தெருவே பார்க்கும். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் உங்கள் மனைவியைக் கேட்க மாட்டார்கள். ‘மருமகளுக்குச் சோறு போடுறியா இல்லையா?’ என்று உங்கள் அம்மாவைக் கேட்பார்கள். அவரும் உள்ளுக்குள், சொல்லக் கூடாத நோய் ஏதோ வந்துவிட்டதென்று பயந்துகொண்டே இருப்பார். இன்னொன்றும் கேளுங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் நிஜமாகவே கல் சேரும். அதைத் தடுக்க ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பது உண்டு. அதையும் மீறிக் கல் வந்தால் வீட்டில் என்ன சொல்வீர்கள்?

இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. உங்கள் மனைவியின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 47. அமெரிக்க, சர்வதேசப் பேரியாட்ரிக் (எடை குறைப்பு ஆபரேஷன்) டாக்டர்கள் சங்கங்கள் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே யோசிக்கலாம் என்கிறது. ‘வாயைக் கட்டினால் போதாதா?’ என்று அம்மா கேட்டால் பதில் இதுதான்: பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். பட்டினி கிடந்தால் அது கூடும், இழந்த எடை திரும்பும். ஸ்லீவில் அந்தப் பகுதியே வெளியே போய்விடுகிறது.

முதலில் மனைவியிடம் கேளுங்கள். உடம்பு அவருடையது. ‘சொல்லியிருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் அவர் விருப்பம் எவ்வளவு, உங்கள் தயக்கம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அத்தை, சித்தி, மேல்வீட்டுக்காரர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மனைவி சரி என்றதும், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள்: ‘அம்மா, கல் இல்லை. அவளுக்கு இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன். உன்கிட்ட மறைச்சது தப்பு. நீ இல்லாம இது முடியாது.’ மருமகளைச் சொல்ல வைத்துவிட்டு நீங்கள் நழுவினால் அது கோழைத்தனம். அடுத்த முறை டயட்டீஷியனைப் பார்க்கும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அளவுக் கரண்டியை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவர் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தட்டில் புரோட்டீன் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, 7 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு இருக்கும். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான். இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிட்டால் வேறெதற்கும் இடமில்லை. அசைவம் உண்டென்றால் வேகவைத்த மீன் நல்லது. குழைந்து ஒட்டும் சோறு, பிரெட், சப்பாத்தி மூன்றும் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும், அவசரப்படக் கூடாது.

முடி கொட்டும். மூன்றாம் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறாம் மாதம் வரை. புரோட்டீனும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம் சிட்ரேட் எல்லாம் ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு போட்டால் வீண். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கு எடை குறைந்ததும் கரு தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் ஒன்றரை வருடமாவது கர்ப்பம் கூடாது. ஒரே பெண் என்கிறீர்கள். பேரனை எதிர்பார்க்கும் பாட்டி வீட்டில் இருந்தால் இதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மனைவிக்கு லீவு மூன்று வாரம் போடுங்கள். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது: கேன் தண்ணீர், நிறைந்த குக்கர், குழந்தையின் ஸ்கூல் பை எதுவும். உங்கள் லீவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதல் பத்து நாள் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பருப்புத் தண்ணீரை வடிகட்டவும், கால் மணிக்கு ஒரு முறை அளந்து கொடுக்கவும் வயதான அம்மாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், பிறகு வருடா வருடம் ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தத் தேதிகளை வீட்டுக் காலண்டரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இப்போதே எழுதி வையுங்கள்.