நகர வளர்ச்சி எல்லை எங்கிருந்து வந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகரமைப்பு பற்றிய உங்கள் கட்டுரைகளில் நகர வளர்ச்சி எல்லை, அதாவது நகரம் அதைத் தாண்டிப் பரவக் கூடாது என்று வரையும் கோடு, அடிக்கடி பேசப்படுகிறது. அது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1973-இல் பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலேயச் சிந்தனையாளர் எபனேசர் ஹோவர்டின் தோட்ட நகரத் திட்டமும், லண்டனைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காக்கப்படும் பசுமை வளையமும்தான் அதன் மூலம் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? ஏற்கெனவே வீடு வைத்திருப்பவர்கள், பின்னால் வருகிறவர்களுக்குக் கதவை அடைக்கக் கண்ட வழி இது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த எல்லைக்கோட்டை வரைந்தவர்கள், உள்ளே நிலத்தின் விலை ஏறும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லையா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியின் வழியாகத்தான் முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நகரம் இதற்குமேல் பரவக் கூடாது என்று ஓர் அரசு கோடு போடும்போது, கோட்டுக்கு உள்ளே வாழ வருகிறவர்களுக்கு அது என்ன பொறுப்பை ஏற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் கோடுகளை அதை வைத்தே நான் வகை பிரிக்கிறேன்.

நகரத்துக்கு எல்லை விதிப்பது ஹோவர்டுக்கும் மிக முந்தியது. 1580-இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசி, லண்டன் நகரவாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள், உயிரோடிருப்பவர்களின் நினைவுக்கு எட்டியவரை வீடு இருந்திராத இடத்தில் புதிய வீடு எழும்பக் கூடாது என்று பிரகடனம் செய்தார். கொள்ளைநோய் பரவும், உணவுப்பொருள் போதாது, இத்தனை பெரிய மக்கள்திரளை ஒழுங்காக ஆள முடியாது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அதே பிரகடனம், ஒரே வீட்டில் பல குடும்பங்கள் குடியிருப்பதையும் தடுத்தது. வெளியே கட்டவும் கூடாது, உள்ளே நெருங்கி வாழவும் கூடாது என்றால், பிழைப்புத் தேடி லண்டனுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை. ஆகவே மக்கள் மறைவாகக் கட்டினார்கள், இருந்த வீடுகளை மறைவாகக் கூறுபோட்டு வாடகைக்கு விட்டார்கள். எலிசபெத்துக்குப் பின் ஆண்ட ஸ்டூவர்ட் மன்னர்கள் காலத்தில், தடையை மீறியவர்களிடம் வாங்கும் தண்டத்தொகையே அரசகஜானாவுக்கு ஒரு வருமானமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் கதவடைப்பு இதுதான். அந்த ஐயத்துக்கு நானூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு துணை நிற்கிறது.

ஹோவர்டு 1898-இல் முன்வைத்த தோட்ட நகரத் திட்டம் இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து தொடங்குகிறது. 6,000 ஏக்கர் நிலத்தில் நடுவே 1,000 ஏக்கரில் நகரம், சுற்றிலும் 5,000 ஏக்கரில் விவசாயம், மொத்தம் 32,000 மக்கள் என்பது அவருடைய கணக்கு. நகரம் நிரம்பியதும் அது விவசாய நிலத்தைத் தின்னாமல், அந்நிலத்துக்கு அப்பால் இன்னொரு நகரம் தொடங்கப்பட வேண்டும். நிலம் முழுவதும் சமூகத்தின் பொதுவுடைமையாக இருக்கும் என்பதால், மக்கள் கூடக்கூட உயரும் நில மதிப்பு தனியார் கைக்குப் போகாமல் ஊருக்கே திரும்பும். இந்த நிதி ஏற்பாடுதான் அவருடைய சிந்தனையின் உயிர்நாடி என்பது என் கருத்து. பின்னால் வந்தவர்கள் பசுமையை எடுத்துக்கொண்டு அதைக் கைவிட்டார்கள்.

1930-களில் நகரமைப்பாளர் ரேமண்ட் அன்வின் லண்டனைச் சுற்றிப் பசுமைப் பட்டை ஒன்றை முன்மொழிந்தார். 1938-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் நிலத்தை விலைக்கு வாங்கிக் காக்க வழிசெய்தது. 1944-இல் நகரமைப்பாளர் பேட்ரிக் ஆபர்குரோம்பியின் பெருலண்டன் திட்டம் அந்தப் பட்டையை அகலமான வளையமாக்கியது. ஆனால் உண்மையான திருப்பம் 1947-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம். நிலத்தில் கட்டடம் எழுப்பி மேம்படுத்தும் உரிமையை அது அரசுடைமையாக்கியதால், நிலத்தை வாங்காமலே கட்டடத்துக்கு அனுமதி மறுக்க முடிந்தது. 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் விடுத்த சுற்றறிக்கைக்குப் பிறகு பசுமை வளையம் மற்ற நகரங்களுக்கும் பரவியது. ஆபர்குரோம்பி வளையத்தோடு சேர்த்து, அதற்கு அப்பால் புதிய நகரங்களையும் கேட்டிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. மக்களுக்கு இடம் காட்டிவிட்டுத்தான் அவர் நிலத்தை மூடினார்.

அமெரிக்க எல்லைக்கோடு இந்த மரபின் நேரடி வாரிசு அல்ல. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரம் 1958-இல் வரைந்த ‘நகரச் சேவைப் பகுதி’யைத்தான் அமெரிக்காவின் முதல் வளர்ச்சி எல்லையாகப் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். 1956-இல் ஐபிஎம் நிறுவனம் அங்கே தட்டச்சு இயந்திரத் தொழிற்சாலை தொடங்கியதும் வீட்டுமனைகளுக்குத் தேவை பெருகியது. நகரைச் சுற்றிப் புகழ்பெற்ற குதிரைப் பண்ணைகள் இருந்தன. நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி கட்டினால் கசிவு நிலத்தடி நீரில் கலந்துவிடும். எனவே கழிவுநீர்க் குழாய் எதுவரை போகுமோ அதுவரைதான் நகரம் என்று முடிவு செய்தார்கள். குழாயும் சாலையும் எங்கே முடிய வேண்டும், அவற்றின் செலவை யார் சுமப்பது என்ற நிர்வாகக் கணக்கிலிருந்து எழுந்த கோடு அது. தேவை வந்தபோது நகர்த்தப்படவும் செய்தது. 1996-இல் ஏறத்தாழ 5,400 ஏக்கர் உள்ளே சேர்க்கப்பட்டது.

ஒரிகனில் இந்தக் கணக்கோடு விவசாயியின் அச்சமும் சேர்ந்துகொண்டது. அம்மாநிலத்தின் மிக வளமான மண்ணும் பெரும்பான்மை மக்களும் ஒரே வில்லமெட் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். வயல்களுக்கு நடுவே சிதறலாக வீடுகள் முளைத்தால் இழப்பு அந்த மனைகளோடு நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரர் உழும் புழுதிக்கும் அடிக்கும் மருந்துக்கும் புகார் வரும். தன் நிலமும் நாளை மனையாகும் என்று எதிர்பார்க்கும் விவசாயி வடிகாலிலும் கொட்டகையிலும் பணம் போடுவதை நிறுத்திவிடுவார். அதனால்தான் ஒரிகனின் நிலப் பயன்பாட்டுச் சட்டமான 1973-ஆம் ஆண்டின் செனட் மசோதா 100-ஐ முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் நகரமைப்பு வல்லுநராக இல்லாமல், ஹெக்டர் மக்பெர்சன் என்ற பால்பண்ணை விவசாயியாக இருந்தார். மாநில செனட் உறுப்பினரான அவர் குடியரசுக் கட்சிக்காரர். ஆளுநர் டாம் மெக்காலும் அதே கட்சிதான். இன்று இந்த எல்லையை ஒரு கட்சியின் கொள்கையாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆண்டு பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் திட்டமிடலுக்கான மாநில ஆணையத்தை உருவாக்கியது. ஒவ்வொரு நகரமும் வளர்ச்சி எல்லை வரைய வேண்டும் என்ற விதி, அந்த ஆணையம் 1974 டிசம்பரில் ஏற்ற இலக்குகளில் 14-ஆவதாக வந்தது. அடுத்த 20 ஆண்டுகளுக்குத் தேவையான நிலத்தை எல்லை உள்ளடக்க வேண்டும் என்பது பின்னர் அதன் அளவுகோலாக நிலைபெற்றது. அதாவது, நகரும் என்று எதிர்பார்த்தே வரையப்பட்ட கோடு இது. ஒரிகனின் மிகப்பெரிய நகரான போர்ட்லாந்தின் வட்டார எல்லையை, 1978-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த மெட்ரோ என்ற வட்டார அரசு 1979-இல் ஏற்றது. இந்தச் சட்டத்தை நீக்கவோ தளர்த்தவோ 1976, 1978, 1982 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று வாக்கெடுப்புகளும் தோற்றன.

விலை ஏறும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தார்கள். 14-ஆவது இலக்கோடு அதே நாளில் ஏற்கப்பட்ட 10-ஆவது இலக்கு, எல்லா வருமான நிலையினருக்கும் ஏற்ற வீடுகளுக்கு நகரங்கள் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. 1981-இல் போர்ட்லாந்து வட்டாரத்துக்கென வந்த விதி, புதிய வீடுகளில் பாதியாவது அடுக்ககமாகவோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடாகவோ அமைய வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், ஏக்கருக்கு ஊரைப் பொறுத்து 6, 8 அல்லது 10 வீடுகளுக்கு இடம் வேண்டும் என்றும் நிர்ணயித்தது. எலிசபெத் அரசியின் பிரகடனம் உள்ளே நெருங்கி வாழ்வதைக் குற்றமாக்கியது. இந்த விதி அதை நகரங்களின் கடமையாக்கியது. கோட்டுக்கு இருபுறமும் நில விலை வேறுபடுவது உண்மைதான், அதை மறுக்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் விலை, அந்த நிலத்தில் எத்தனை வீடுகளைக் கட்ட அனுமதிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

உங்கள் ஐயம் நியாயமாகும் இடமும் அதுவே. எல்லையைக் காப்பதில் காட்டிய உறுதியை ஒரிகன் நகரங்கள் இந்தக் கடமையில் காட்டவில்லை. பல குடியிருப்புப் பகுதிகளில் எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் பழைய மண்டல விதி, ஒரு மனைக்கு ஒரு வீடு என்று, பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்தது. 2019-இல் வந்த மாநிலச் சட்டம்தான், 25,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களும் போர்ட்லாந்து வட்டார நகரங்களும் அத்தகைய பகுதிகளில் நான்கு வீடுகள் வரை சேர்ந்த கட்டடங்களை அனுமதிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1974-இலேயே இரண்டு இலக்குகளையும் ஒன்றாக ஏற்றவர்கள் இதற்கு 45 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடைவெளியில் ஏறிய வாடகையைச் சுமந்தவர்கள், வீடில்லாமல் பின்னால் வந்தவர்களே.

அன்புடன்,
ஆசிரியர்