கணவர் அமெரிக்காவில், மனைவிக்குச் சுற்றுலா விசா கிடைக்குமா?

கேள்வி: ஐயா, திருப்பரங்குன்றம் கோயிலில் எனக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. திருமணத்துக்குப் பின்பு எச்-1பி என்னும் வேலை விசா எடுத்து, எட்டு மாதங்களுக்கு முன் கணவர் அமெரிக்கா சென்றார். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு வேலையை விட மனமில்லை. மே மாத விடுமுறையில் ஐந்து வாரம் மட்டும் அவருடன் இருந்துவிட்டுத் திரும்ப விரும்புகிறேன். கணவர் அங்கிருப்பதைச் சொன்னால் சுற்றுலா விசா கிடைக்காது என்றும், தோழிகளுடன் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதிவிடலாம் என்றும் மதுரையில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்? — ஒரு வாசகி, திருமங்கலம்.

பதில்: சகோதரி, முதலில் அந்த ஏஜென்டிடம் கொடுத்திருக்கும் பாஸ்போர்ட்டையும் தாள்களையும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அவருடைய பயத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, பி-2 எனப்படும் சுற்றுலா விசா கேட்டு வருகிற எவரையும், திரும்பி வருவேன் என்று அவர் நிரூபிக்கும்வரை, அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் கருதச் சொல்கிறது. கணவர் அங்கே வேலை பார்க்கும்போது அந்தச் சந்தேகம் கூடத்தான் செய்யும். ஆனால் அதற்கு அவர் சொல்லும் வழி உங்களைப் படுகுழியில் தள்ளும். டிஎஸ்-160 என்னும் விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் மணமானவரா, கணவர் பெயர் என்ன, நெருங்கிய உறவினர் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கணவரும் விசாவுக்கு இதே படிவத்தைத்தான் நிரப்பியிருப்பார்; மனைவி என்ற இடத்தில் உங்கள் பெயர் ஏற்கெனவே அவர்களிடம் பதிவாகியிருக்கும். பொய் சொல்லி விசா பெற முயன்றதாக அதிகாரி முடிவு செய்தால், பிறகு எந்த விசா கேட்டாலும் நிரந்தரத் தடை குறுக்கே நிற்கும். 214(பி)யில் மறுக்கப்பட்டவர் மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். பொய்யால் மறுக்கப்பட்டவருக்கு அது எளிதல்ல.

இன்னொரு வழியை அந்த ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கு எச்-4 என்ற விசா உண்டு. அதை எடுத்தால் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஐந்து வாரம் இருந்துவிட்டுப் பள்ளி திறக்குமுன் வந்துவிடலாம். 214(பி) சொல்லும் அந்த அனுமானம் எச்-4க்குப் பொருந்தாது என்பதால், திரும்பி வருவீர்களா என்ற கேள்வியைவிட, திருமணம் உண்மையானதா, கணவரின் வேலையும் விசாவும் நடப்பில் உள்ளனவா என்பதையே அதிகாரி முக்கியமாகப் பார்ப்பார். ஆகவே உங்கள் நிலையில் நான் எச்-4 விசாவுக்கே விண்ணப்பிப்பேன். கணவரிடமிருந்து, அவருடைய எச்-1பிக்கு அமெரிக்கக் குடிவரவுத் துறை தந்த ஐ-797 ஒப்புதல் தாளின் நகல், அண்மைய சம்பளச் சீட்டுகள், நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்று விஷயத்தில் கவனம் தேவை. கோயிலில் கொடுத்த ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். ஆனால் அது பதிவுச் சான்று ஆகாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். செய்யவில்லை என்றால், பொதுவாக இருவருமே நேரில் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், கணவர் ஊருக்கு வரும்வரை காத்திருக்க நேரலாம்.

பி-2 விசாதான் வேண்டும் என்றால் அதையும் உண்மையோடு கேட்கலாம், சட்டம் தடுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் அதிகாரி, "கணவர் அங்கே இருக்கும்போது நீங்கள் ஏன் திரும்பி வர வேண்டும்?" என்று கேட்பார். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; கையில் இருக்கும் கோப்பைப் பிரிக்கச் சொல்லாமலே முடிவெடுப்பதும் உண்டு. "ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது, விடுப்புக்கு அனுமதியும் தடையின்மைச் சான்றும் வாங்கியிருக்கிறேன், செலவைக் கணவர் ஏற்கிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம். நகையை அடகு வைத்தும் சீட்டை எடுத்தும் திடீரென்று வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் போட்டுக் காட்டும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கைரேகைப் பதிவையும் நேர்காணலையும் சென்னையில் அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொண்டால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு முறை போய்வந்தால் போதும். துணைத் தூதரகத்துக்குள் கைப்பேசியை விட மாட்டார்கள். தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.